லண்டனில் காந்தி: சாப்பாடு தேடித் தந்த சிநேகிதர்கள்

பம்பாய்த் துறைமுகத்தில் இருந்து 1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி கிளைடு என்ற கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதில் ஏறியவர்களில் ஒருவர், 18 வயது வாலிபர். ஒல்லியான உடம்பு. எடுப்பான காதுகள். பெயர், மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பாரிஸ்டர் படிப்புக்காகப் போகிறார்.

அந்தப் பயணம் சுலபமாக அமையவில்லை.

அவர் பிறந்த மோத் பனியா ஜாதியில் அதுவரை யாரும் சீமைக்குப் போனது கிடையாது. பம்பாயில் ஜாதிக் கூட்டம் கூடியது. கடல் கடந்தால் மதம் கெட்டுவிடும், வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து தின்னவும் குடிக்கவும் வேண்டிவரும் என்று ஜாதித் தலைவர் தடுத்தார். காந்தி கேட்கவில்லை. தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. காந்தியை ஜாதியை விட்டே தள்ளிவைத்தார். அவருக்கு உதவி செய்கிறவர்களுக்கும், வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டார்.

தாயார் புத்லிபாய்க்கும் உள்ளூர அதே பயம்தான். ஆகவே, ஒரு ஜைனத் துறவியின் முன்னிலையில் மகனிடம் மூன்று சத்தியங்கள் வாங்கிக்கொண்டார். மது தொடக்கூடாது. மாமிசம் தொடக்கூடாது. பிற பெண்களைத் தொடக்கூடாது. அதன் பிறகே அந்த அம்மாள் சம்மதித்தார். வீட்டில் மனைவி கஸ்தூர்பாயும், பிறந்து சில மாதங்களே ஆன ஆண் குழந்தையும் இருந்தார்கள்.

லண்டனில் காந்தி பட்ட பாட்டுக்கெல்லாம் அந்தச் சத்தியம்தான் காரணம். அங்கே அவருக்குக் கிடைத்த சிநேகிதர்களுக்கும் அதுவே காரணம். வேடிக்கையான கதை அது.

கப்பலில் அடைந்து கிடந்தவர்

கப்பலில் இங்கிலீஷ்காரர்கள் பேசினால் காந்திக்குப் புரியவில்லை. புரிந்தாலும் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் கோத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கத்தியையும் முள்கரண்டியையும் எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. எந்தப் பண்டத்தில் மாமிசம் இருக்கிறது என்று கேட்கவும் கூச்சம். ஆகவே சாப்பாட்டு அறைப் பக்கமே அவர் போகவில்லை. வீட்டில் இருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தமது அறையிலேயே தின்று காலம் தள்ளினார்.

அதே அறையில் ஜுனாகத் வக்கீல் மஜ்முதார் இருந்தார். அனுபவஸ்தர். வக்கீலுக்கு வாய்தான் மூலதனம், நாலு பேருடன் பேசிப் பழக வேண்டும் என்று அவர் புத்தி சொன்னார். காந்தி அசையவில்லை.

இங்கிலாந்தில் இறங்குகிற நாளைக்கு என்று ஒரு வெள்ளைக் கம்பளி உடுப்பைப் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார். இறங்கிப் பார்த்தால், அத்தனை பேரும் கறுப்பு உடுப்பு! குளிர் தொடங்கும் காலத்தில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். அன்று சனிக்கிழமை. மறுநாள் விடுமுறை. பெட்டிகள் திங்கட்கிழமைதான் கைக்கு வரும். அதுவரை அந்த வெள்ளை உடுப்புதான் கதி.

அன்று மாலை, லண்டனில் படித்துக்கொண்டிருந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா அவரைப் பார்க்க வந்தார். மேஜை மேல் தமது உயரமான பட்டுத் தொப்பியை வைத்திருந்தார். பேசிக்கொண்டே காந்தி அதை எடுத்துத் தடவிப் பார்த்தார். எதிர்ப்புறமாகத் தடவியதால் மினுமினுத்த ரோமம் எல்லாம் கலைந்துபோயிற்று. மேத்தாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துக்கொண்டார். பிறர் பொருளைத் தொடக்கூடாது, பழகாதவர்களிடம் சொந்த விஷயங்களைத் துருவிக் கேட்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது என்று அந்த நாட்டுப் பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். தொப்பியில் தொடங்கிய அந்தச் சிநேகிதம் ஆயுள் முழுவதும் நீடித்தது. பிற்காலத்தில் ரங்கூனில் நகை வியாபாரியாக இருந்த மேத்தா, காந்தியடிகளின் பொதுக் காரியங்களுக்கு அள்ளிக் கொடுத்தார்.

எத்தனை ரொட்டி கேட்பது?

லண்டனில் முதல் சில வாரங்கள் காந்தி அரைப் பட்டினி. குடியிருந்த வீட்டில் காய்கறியை உப்பு உறைப்பு இல்லாமல் வேகவைத்துக் கொடுத்தார்கள். அது தொண்டையில் இறங்கவில்லை. ரொட்டி நல்ல ரொட்டிதான். ஆனால் இரண்டு மூன்று துண்டுகளுக்கு மேல் கேட்க வெட்கம். அந்த வீட்டு அம்மாளின் பெண்கள் இருவர் இரக்கப்பட்டு இன்னொரு துண்டு வைப்பார்கள். ஒரு முழு ரொட்டி இருந்தாலும் உள்ளே போகும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்திய நண்பர்கள் பலரும் மாமிசம் தின்னும்படி வற்புறுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு, இந்தத் தேசத்தின் நிலை தெரியாத தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒரு வாக்கா என்று ஒருவர் தினமும் வாதம் செய்தார். காந்திக்கு எதிர்வாதம் செய்யத் தெரியவில்லை. வாதத்தில் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொள்வார். ஆனால் வாக்கை மட்டும் விடமாட்டார்.

இதில் ஒரு சங்கதி உண்டு. மாமிசம் கெட்டது என்று அப்போது அவர் நினைக்கவில்லை. இந்தியர்கள் எல்லோரும் மாமிசம் தின்றால்தான் பலசாலிகள் ஆகி வெள்ளைக்காரனை வெல்ல முடியும் என்று நம்பியவர் அவர். சிறு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் சிலமுறை தின்றும் இருக்கிறார். லண்டனில் அவரைத் தடுத்தது தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒன்றே.

லண்டனில் மரக்கறி ஓட்டல்கள் இருப்பதாக வீட்டுக்கார அம்மாள் சொல்லியிருந்தார். காந்தி தேடிப் புறப்பட்டார். தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடை. வழியில் ஏதாவது மலிவான கடையில் ரொட்டியால் வயிற்றை நிரப்பிக்கொள்வார். ஒருநாள் பரிங்டன் தெருவுக்கு அருகில் அப்படி ஒரு ஓட்டல் கண்ணில் பட்டது. உள்ளே நுழையும்போதே வாசல் அருகில் கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த புத்தகங்களைக் கண்டார். மரக்கறி உணவுக்காக வாதாடி ஹென்றி சால்ட் என்பவர் எழுதிய புத்தகம் ஒன்று இருந்தது. விலை ஒரு ஷில்லிங். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சீமைக்கு வந்த பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

சால்ட், ஈட்டன் என்ற பெரிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து, வேலையை உதறிவிட்டு எளிய வாழ்க்கைக்கு வந்தவர். அவருடைய புத்தகத்தைக் காந்தி ஒரு வரி விடாமல் படித்தார். தம் தாயார் எதைச் சத்தியமாக வாங்கினாரோ, அதைக் காரண காரியத்தோடு ஓர் இங்கிலீஷ்காரர் எழுதியிருக்கிறார்! அன்றிலிருந்து காந்தி வாக்குக்காக மட்டும் அல்லாமல், மனமார மரக்கறி உண்பவர் ஆனார்.

வெளியே போகச் சொன்ன நண்பர்

ஆனால் கூடப் பழகிய நண்பருக்குக் கவலை தீரவில்லை. இப்படி இருந்தால் இந்தப் பையன் இங்கிலீஷ் சமூகத்தில் எப்படிப் பழகுவான் என்பது அவர் கவலை. ஒருநாள் நாடகம் பார்க்கக் கூப்பிட்டார். நாடகத்துக்கு முன்பு ஹோல்பர்ன் ரெஸ்டாரண்டில் விருந்து. அரண்மனை போன்ற இடம். இத்தனை பெரிய இடத்தில் கேள்வி கேட்கக் கூசி, வைத்ததைத் தின்றுவிடுவார் என்பது நண்பரின் கணக்கு.

முதலில் சூப் வந்தது. அது எதில் செய்தது என்று காந்திக்குச் சந்தேகம். நண்பரைக் கேட்கத் துணிவு வரவில்லை. பரிசாரகரைக் கையசைத்துக் கூப்பிட்டார். நண்பர் பார்த்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் கொதித்துவிட்டார். நாகரிகமான இடத்துக்கு நீ லாயக்கு இல்லை, வேறு எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வெளியே காத்திரு என்று சொல்லிவிட்டார். காந்திக்கு அது நிம்மதியாகவே இருந்தது! எழுந்து வெளியே போனார். பக்கத்தில் இருந்த மரக்கறி ஓட்டல் மூடியிருந்தது. பட்டினியோடு நாடகம் பார்த்தார். நண்பர் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. காந்தியும் பேசவில்லை. சிநேகிதம் முறியவும் இல்லை.

இந்த ஹோல்பர்ன் ரெஸ்டாரண்டை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கதையில் மறுபடியும் வரும்.

நண்பருக்கு ஏற்பட்ட மனக்குறையைத் தீர்க்கக் காந்தி ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பாட்டில் இல்லாவிட்டாலும் மற்றதில் எல்லாம் அசல் துரையாகி விடுவது! அன்று ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். 10 பவுன் கொடுத்து மாலை நேர உடுப்பு தைத்தார். 19 ஷில்லிங்குக்குத் தொப்பி வாங்கினார். அண்ணனுக்கு எழுதித் தங்கச் சங்கிலி வரவழைத்தார். நடனம் கற்கப் போனார். தாளம் காலில் நிற்கவில்லை. தாளம் பிடிபடட்டும் என்று பிடில் வாங்கினார். அதுவும் வரவில்லை. அழகாகப் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாரிடமும் போனார். இந்தக் கூத்து மூன்று மாதம் நடந்தது. பிறகு கண் விழித்தார். படிக்க வந்தவனுக்கு இது எதற்கு என்று எல்லாவற்றையும் நிறுத்தினார். அண்ணன் கஷ்டப்பட்டு அனுப்பும் பணம் அல்லவா? ஒற்றை அறைக்குக் குடிமாறினார். அடுப்பு வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொண்டார். வண்டிச் சத்தம், தபால் தலை உட்பட ஒவ்வொரு காசுக்கும் இரவில் கணக்கு எழுதினார்.

துரை வேஷம் போட்ட மூன்று மாதத்தில் அவருக்குப் புதிதாக ஒரு சிநேகிதர் கிடைத்ததாகத் தெரியவில்லை. வேஷம் கலைந்த பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள்.

குடிக்காதவருக்குக் கிராக்கி

காந்தி சட்டம் படித்தது இன்னர் டெம்பிள் என்ற சங்கத்தில். பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. சங்க மண்டபத்தில் இத்தனை விருந்துகளுக்கு வந்து உட்கார வேண்டும் என்றும் விதி. நாலு பேருக்கு ஒரு மேஜை. நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு பாட்டில் ஒயின் வரும்.

காந்தி குடிக்கமாட்டார் என்ற செய்தி மாணவர்களிடையே பரவியது. அவ்வளவுதான்! தங்கள் மேஜைக்கு வா என்று ஆளாளுக்கு அழைத்தார்கள். அவர் உட்கார்ந்தால் இரண்டு பாட்டில் மூன்று பேருக்கு! ஷாம்பேன் கொடுக்கும் விசேஷ இரவுகளில் கிராக்கி இன்னும் அதிகம். காந்தி ரொட்டியும் வெந்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பார். பிறகு அவரும், பார்ஸி மாணவர் ஒருவரும் சேர்ந்து, மரக்கறி உணவு வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். மனு ஏற்கப்பட்டது.

பிரைட்டன் அம்மையார்

பிரைட்டன் என்பது லண்டனுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். அங்கே ஓர் ஓட்டலில் காந்தி தங்கினார். சாப்பாட்டுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் இருந்தது. காந்தி திகைத்து விழித்தார். அதே மேஜையில் இருந்த ஒரு வயதான விதவை அம்மையார், அதைப் படித்து, எது எதைத் தின்னலாம் என்று சொன்னார். அதில் ஆரம்பித்தது பழக்கம். ஞாயிற்றுக்கிழமைதோறும் லண்டனில் உள்ள தம் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அந்த அம்மையார் அழைத்தார். பையனின் கூச்சம் தெளியட்டும் என்று, வீட்டில் தங்கியிருந்த ஓர் இளம் பெண்ணோடு பேசவும் விட்டார்.

காந்திக்கு முதலில் வேப்பங்காய். நாளாவட்டத்தில் அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தார். அம்மையாரின் மனத்தில் கல்யாண எண்ணம் இருக்குமோ என்று ஒருநாள் சந்தேகம் தட்டியது.

அந்தக் காலத்தில் சீமையில் படித்த இந்திய மாணவர்கள் பலர், கல்யாணம் ஆனதை மறைத்துப் பிரமசாரிகளாக நடித்து வந்தார்கள். காந்தியும் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது மனம் உறுத்தியது. நேரில் சொல்லத் தைரியம் கிடையாதே! கடிதம் எழுதினார். எழுதி எழுதித் திருத்தினார். தமக்குச் சிறு வயதிலேயே மணம் ஆகிவிட்டது என்றும், ஒரு மகன் இருக்கிறான் என்றும், இதை மறைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றும், இனித் தம்மை அழைக்காவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன் என்றும் எழுதித் தபாலில் சேர்த்தார்.

உடனே பதில் வந்தது. கடிதத்தைப் படித்து இருவரும் நன்றாகச் சிரித்தார்களாம். உண்மையைச் சொன்னதில் சந்தோஷம், வரும் ஞாயிறு அவசியம் வர வேண்டும், குழந்தைக் கல்யாணக் கதையைக் கேட்க ஆவலாக இருக்கிறோம் என்று அம்மையார் எழுதியிருந்தார். முறிந்துவிடும் என்று பயந்த சிநேகிதம் இரட்டிப்பாகக் கெட்டிப்பட்டது.

இன்னொரு சம்பவம். லண்டனுக்கு வந்த இரண்டாவது வருஷக் கடைசியில், தியாசபிகல் சங்கத்தைச் சேர்ந்த இருவர் காந்தியைத் தேடி வந்தார்கள். அவர்கள் இங்கிலீஷில் பகவத் கீதை படித்துக்கொண்டிருந்தார்கள். மூலத்தைத் தங்களோடு சேர்ந்து படிக்க ஓர் இந்தியர் வேண்டும் என்று கேட்டார்கள். காந்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் கீதையைச் சமஸ்கிருதத்திலும் படித்தது இல்லை. தாய்மொழியான குஜராத்தியிலும் படித்தது இல்லை! ஒளிக்காமல் அதைச் சொல்லிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். வாழ்நாள் முழுவதும் அவர் கைவிடாத கீதை, இரண்டு வெள்ளைக்காரர்கள் மூலமாக அவர் கைக்கு வந்தது.

காரியதரிசி காந்தி

மரக்கறி ஓட்டலுக்குப் போய்வந்த பழக்கத்தில், லண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தோடு காந்திக்குத் தொடர்பு உண்டாயிற்று. அந்தச் சங்கத்தின் பத்திரிகைக்கு ஆசிரியர் டாக்டர் ஜோசையா ஓல்டுபீல்டு. காந்தியைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். பேஸ்வாட்டர் பகுதியில் ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கினார்கள். ஜாதியார் எதற்குப் பயந்தார்களோ அதுவே நடந்தது. காந்தி வெள்ளைக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டது பருப்பும் காய்கறியும்!

1890-ம் ஆண்டில் காந்தி சங்கத்தின் நிர்வாகக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது வயது 20. தாம் குடியிருந்த பேட்டையிலேயே ஒரு மரக்கறி உணவு கிளப்பும் ஆரம்பித்தார். ஓல்டுபீல்டு தலைவர். கீதையை இங்கிலீஷ் பாட்டாக மொழிபெயர்த்த சர் எட்வின் ஆர்னால்டு அந்தப் பேட்டையில் இருந்தார். அவரை உப தலைவராக அழைத்தார்கள். காரியதரிசி காந்தி. அவர் வேறு பேட்டைக்கு மாறியதும், சில மாதங்களில் கிளப் நின்றுவிட்டது. சின்ன கிளப்தான். ஆனால் ஒரு சங்கத்தை எப்படித் தொடங்குவது, எப்படி நடத்துவது என்று அங்கேதான் அவர் முதன்முதலாகக் கற்றார். ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிய கைக்கு அரிச்சுவடி அதுதான்.

எழுதவும் கற்றார். இந்தியர்களின் உணவு பற்றியும், பண்டிகைகள் பற்றியும் 1891-ம் ஆண்டில் அந்தப் பத்திரிகையில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அவர் எழுத்து அச்சில் வந்தது அதுவே முதல் தடவை.

பேச்சுத்தான் வரவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் மௌனச் சாமியார். என்னோடு நன்றாகப் பேசுகிறாய், கமிட்டியில் வாயே திறப்பதில்லையே, தேன்கூட்டில் வேலை செய்யாமல் உண்டு கிடக்கும் ஆண் ஈயைப் போல் இருக்கிறாயே என்று ஓல்டுபீல்டு கேலி செய்வார். பேச எண்ணம் இல்லாமல் இல்லை. மற்றவர்கள் தம்மைவிட விஷயம் தெரிந்தவர்கள் என்று தோன்றும். துணிவு வந்து வாயைத் திறக்கும் சமயத்தில் அடுத்த விஷயம் ஆரம்பமாகிவிடும்.

அந்த நிலையில் ஒரு சோதனை வந்தது.

சங்கத்தின் தலைவர் ஹில்ஸ். தேம்ஸ் நதிக்கரையில் பெரிய கப்பல் கட்டும் பட்டறைக்கு முதலாளி. சங்கம் நடந்ததே அவர் பணத்தில்தான். கமிட்டியில் பலர் அவர் ஆதரவில் இருந்தவர்கள். டாக்டர் ஆலின்சன் என்பவரும் கமிட்டி அங்கத்தினர். அவர் கர்ப்பத்தடை முறைகளை ஆதரித்து ஏழை மக்களிடம் பிரசாரம் செய்தார். அது ஒழுக்கத்தின் வேரையே வெட்டும் செயல் என்று ஹில்ஸ் கருதினார். ஆலின்சனைச் சங்கத்தில் இருந்து நீக்கத் தீர்மானம் வந்தது.

காந்தியின் நிலையைப் பாருங்கள். ஹில்ஸ் மேல் அவருக்கு மிகுந்த மரியாதை. கர்ப்பத்தடை விஷயத்தில் ஹில்ஸின் கருத்தே காந்தியின் கருத்து. சும்மா இருந்திருக்கலாம். அந்நிய தேசத்து மாணவன், முதலாளியைப் பகைப்பானேன்? ஆனால் நியாயம் வேறு என்று அவருக்குப் பட்டது. சங்கம் ஏற்பட்டது மரக்கறி உணவைப் பரப்புவதற்கு. ஆலின்சன் மரக்கறி உணவை ஏற்றவர். வேறு விஷயத்தில் கருத்து மாறுபட்டதற்காக அவரை எப்படித் தள்ளலாம்?

கடல் கடக்க நினைத்த குற்றத்துக்காகத் தள்ளி வைக்கப்பட்டவர் காந்தி. தள்ளிவைப்பது என்றால் என்ன என்று அந்தக் கமிட்டியில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

தமது கருத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். படிக்க நாக்கு எழவில்லை. ஹில்ஸே அதை வாங்கி, வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். எதிரான கருத்தையும் சபையில் படிக்க வைத்த அந்தப் பெருந்தன்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஓட்டெடுப்பில் ஆலின்சன் தோற்றார். காந்தி கலந்துகொண்ட முதல் போராட்டம் தோல்வி. ஆனாலும் தோற்ற பக்கம் நியாயமான பக்கம் என்ற திருப்தி அவருக்கு இருந்தது.

மறுபடியும் ஹோல்பர்ன்

1891-ம் ஆண்டு ஜூன் மாதம் படிப்பு முடிந்தது. ஊருக்குத் திரும்பும் முன்பு சிநேகிதர்களுக்கு விருந்து கொடுக்க எண்ணினார். எங்கே தெரியுமா? ஹோல்பர்ன் ரெஸ்டாரண்டில்! எந்த இடத்தில் இருந்து வெளியே போகச் சொன்னார்களோ, அதே இடத்தில் ஜூன் 5-ந் தேதி முழு மரக்கறி விருந்து நடந்தது. மாமிச ஓட்டலில் மாமிசம் இல்லாத விருந்து. சங்கீதமும் உண்டு. வந்தவர்கள் பெரும்பாலும் மரக்கறிச் சங்கத்து இங்கிலீஷ்காரர்கள்.

கடைசியில் காந்தி பேச வேண்டும். ஒரு வேடிக்கைக் கதையோடு தொடங்க நன்றாகத் தயார் செய்திருந்தார். எழுந்தார். முதல் வாக்கியத்தோடு எல்லாம் மறந்துபோயிற்று. வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் குறையாக நினைக்கவில்லை.

ஜூன் 10-ந் தேதி பாரிஸ்டர் பட்டம் கிடைத்தது. 12-ந் தேதி கப்பல் ஏறிவிட்டார். பம்பாயில் இறங்கியபோது அண்ணன் ஒரு செய்தி வைத்திருந்தார். மகன் வாக்கைக் காப்பாற்றினானா என்று கேட்க, தாயார் புத்லிபாய் உயிரோடு இல்லை. படிப்புக் கெடக்கூடாது என்று வீட்டார் அதை மறைத்திருந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் அதே வழி

சீமையில் இருந்து வந்ததும் காந்தி சிங்கமாகிவிடவில்லை. பம்பாய்க் கோர்ட்டில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. வாய் வரவில்லை. கட்சிக்காரரின் 30 ரூபாய் பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

1893-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். பிரிட்டோரியா நகரில் இந்தியர்களைக் கூட்டினார். வியாபாரத்தில் உண்மை வேண்டும் என்று பேசினார். அன்றுதான் வாய் திறந்தது. இங்கிலீஷ் கற்க விரும்புகிறவர்களுக்குத் தாமே சொல்லித் தருவதாகவும் சொன்னார். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் நாவிதர், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் சில்லறைக் கடைக்காரர். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பாரிஸ்டர் பாடம் சொன்னார்.

1894 ஆகஸ்டில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஏற்பட்டபோது, அதற்கும் காந்திதான் காரியதரிசி. சந்தா வசூல், ரசீது, பைசா விடாத கணக்கு எல்லாம் பேஸ்வாட்டரில் பழகிய வேலைகள். காங்கிரஸ் தொடங்கிய சில மாதங்களில், எஜமானனிடம் அடிபட்டு முன் பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக ஒரு தமிழ்க் கூலியாள் அவரிடம் வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம். காந்தி அவரை வேறு எஜமானனிடம் மாற்றிவிட்டார். அந்தச் செய்தி கூலி லைன்களில் எல்லாம் பரவியது.

ஜோகன்னஸ்பர்க்கிலும் ஒரு மரக்கறி ஓட்டல் இருந்தது. காந்தி அங்கே சாப்பிடுவார். ஆல்பர்ட் வெஸ்ட் என்ற இங்கிலீஷ்காரரும் அங்கே வருவார். 1904-ல் பிளேக் நோய் வந்தபோது காந்தி சில நாள் ஓட்டலுக்கு வரவில்லை. வெஸ்ட் பயந்துபோய் வீட்டுக் கதவைத் தட்டினார். நோயாளிகளுக்குத் தாமும் பணிவிடை செய்கிறேன் என்றார். காந்தி அவரை டர்பனுக்கு அனுப்பி இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையின் அச்சகத்தை ஒப்படைத்தார். ஹென்றி போலக் என்ற பத்திரிகைக்காரரும் அதே ஓட்டலில் பழக்கம் ஆனவர்தான். இந்தியர்களின் போராட்டத்தில் அவர் சிறைக்கும் போனார்.

லண்டன் சிநேகிதர்களையும் காந்தி மறக்கவில்லை. 1914-ம் ஆண்டு, முதல் உலக யுத்தம் தொடங்கிய சமயம், அவர் லண்டன் வந்திருந்தார். மார்புச் சவ்வில் நோய் கண்டு படுத்தார். அப்போது அவர் ஆள் அனுப்பி அழைத்தது யாரை? மரக்கறிச் சங்கம் நீக்கிய அதே டாக்டர் ஆலின்சனை! ஆலின்சன் வந்து பரிசோதித்தார். தவிட்டு ரொட்டி, பச்சைக் காய்கறி, ஆரஞ்சுப் பழம் சாப்பிடச் சொன்னார். இரவும் பகலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்றார். முழுக்கத் திறந்தால் மழை உள்ளே அடித்தது. கண்ணாடியை உடைத்துவிட்டுக் காற்று வரச் செய்துகொண்டார் காந்தி. உடம்பு ஓரளவு தேறியது.

1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்காகக் காந்தியடிகள் மறுபடி லண்டன் வந்தார். உடுப்பு எல்லாம் போய், அரைவேட்டியும் சால்வையும் மிஞ்சியிருந்தன. நவம்பர் 20-ந் தேதி மரக்கறிச் சங்கத்தார் அவரை வரவேற்றார்கள். ஒரு காலத்தில் வாய் அடைத்துப்போன சபை. இப்போது அவர் பேச, எல்லோரும் கேட்டார்கள். அவர் பக்கத்தில் 80 வயதுக் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஒரு ஷில்லிங் புத்தகம் எழுதிய ஹென்றி சால்ட். தாய்க்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருக்க, மரக்கறி உண்பது ஏன் சரி என்று தமக்குக் காட்டியது இவருடைய புத்தகம்தான் என்று காந்தியடிகள் சபையோருக்குச் சொன்னார்.